கையெழுத்துப் போடலாமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு 46 வயது. 22 வருடமாக பைக் ஓட்டுகிறேன். ஹெல்மெட் இல்லாமல் ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்லை. நான் இருக்கும் பைக் குழுவில் இப்போது ஒரு மனு சுற்றி வருகிறது. 21 வயது தாண்டியவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம் என்ற சட்டத்தை எடுத்துவிட வேண்டும், போடுவதும் போடாததும் அவரவர் விருப்பம் என்று கேட்கிற மனு. ‘என் தலை, என் முடிவு’ என்கிறார்கள். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. புகை பிடிக்கலாம், மலை ஏறலாம், இதற்கு மட்டும் ஏன் அபராதம்? ஆனால் என் மனைவி, ‘நீங்கள் கையெழுத்துப் போட்டால் பையன் என்ன நினைப்பான்?’ என்கிறாள். அவனுக்கு 19 வயது, இப்போதுதான் லைசென்ஸ் வாங்கியிருக்கிறான். ஹெல்மெட்டால் கழுத்து முறியும், காது கேட்காது, பக்கவாட்டில் தெரியாது என்றும் குழுவில் சிலர் சொல்கிறார்கள். தலைக்காயம் பட்டவர்களை நாள் முழுக்கப் பார்ப்பவர் நீங்கள். நான் கையெழுத்துப் போடலாமா?

பி.கு.: என் ஹெல்மெட்டுக்கு 11 வயது. ஒருமுறை விழுந்தபோது என்னைக் காப்பாற்றியது அதுதான். அதனாலேயே மாற்ற மனசு வரவில்லை.

பதில்: ஹெல்மெட் பற்றி எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை போடாதவர்களின் வீட்டிலிருந்து வருபவை. ‘நீங்களாவது அவருக்குச் சொல்லுங்கள்’ என்று கேட்பார்கள். நீங்களோ ஹெல்மெட் போடுகிறீர்கள், சட்டம்தான் வேண்டாம் என்கிறீர்கள். விபத்துக் காட்சிகளைச் சொல்லி உங்களைப் பயமுறுத்துவதில் அர்த்தமில்லை. உங்கள் கேள்வியை அதன் தளத்திலேயே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும். நான் அறுவை சிகிச்சை செய்பவன் அல்ல. அவர்கள் உயிரைக் காப்பாற்றிய பிறகு எங்களிடம் அனுப்புவார்கள். சட்டைப் பொத்தான் போட, வாக்கியத்தை முடிக்க, கோபத்தை அடக்க மறுபடியும் கற்றுக்கொடுக்கும் மறுவாழ்வுப் பிரிவு என்னுடையது. உங்கள் கேள்விக்கு நான் சொல்லப்போகும் பதிலில் பாதி அங்கே பார்த்ததிலிருந்து வருவதுதான்.

கழுத்து, காது, கண் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். 1981-இல் வெளிவந்த ஹர்ட் அறிக்கை என்று ஒன்று உண்டு. தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் குழுவினர், லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை, நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தார்கள். ஹெல்மெட் போட்டதால் ஹாரன் கேட்கவில்லை, பக்கவாட்டில் வண்டி தெரியவில்லை என்று விபத்து நடந்ததற்கு அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. பார்வைக்கு நடுவிலிருந்து இரண்டு பக்கமும் குறைந்தது 105 டிகிரி தெரிய வேண்டும் என்பது அமெரிக்கத் தரவிதி. தோளுக்கு நேர்ப் பக்கம் 90 டிகிரி என்றால் அதற்கும் கொஞ்சம் பின்னால். கழுத்து முறியும் என்ற வாதம் 1980-களில் வந்த ஓர் ஆய்விலிருந்து பரவியது. அப்புறம் வந்த பெரிய ஆய்வுகளில் அது நிற்கவில்லை. 2011-இல், 40,000-க்கும் மேற்பட்ட விபத்துப் பதிவுகளைப் பார்த்த ஓர் ஆய்வில், ஹெல்மெட் போட்டவர்களுக்குக் கழுத்தெலும்புக் காயம் 22 சதவீதம் குறைவாகவே இருந்தது. தலையைப் பொறுத்தவரை, பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2008-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு சொல்லும் கணக்கு இது: ஹெல்மெட் மரண அபாயத்தை 42 சதவீதமும், தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது. ஆகவே மனுவில் கழுத்துப் பல்லவி இருந்தால், அந்தப் பத்தியை நீக்கச் சொல்லுங்கள். நல்ல வாதத்துக்குப் பக்கத்தில் ஓட்டை வாதத்தை வைத்தால் இரண்டும் சேர்ந்து கெட்டுப்போகும்.

‘நான் மெதுவாகத்தான் போவேன்’ என்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு சொல்வேன். நின்றிருக்கும் வண்டியிலிருந்து சாய்ந்து விழுந்தாலே தலை ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது. தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். வெறும் தலையானால் அந்த வேகம் மொத்தமும் தோலும் எலும்பும் விட்டுக்கொடுக்கும் சில மில்லிமீட்டருக்குள் நின்றாக வேண்டும். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல் அடுக்கு நசுங்கி இரண்டரை சென்டிமீட்டர் இடம் கொடுத்தால், அடியின் வேகக்குறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். வெளி ஓடு காப்பாற்றுகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஓடு சறுக்கவும் கூர்மையானவை குத்தாமல் தடுக்கவும் உதவும். அடியை வாங்கிக்கொள்வது அந்த நசுங்கும் அடுக்கு. இதை நினைவில் வையுங்கள், கடைசியில் உங்கள் பி.கு.வுக்குத் திரும்பி வருவேன்.

இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் சண்டை ஓயவில்லை? ஏனென்றால் சண்டை ஆரம்பத்திலிருந்தே அறிவியலைப் பற்றியது அல்ல. ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று உலகம் அறிந்த டி.இ. லாரன்ஸ், 1935 மே மாதம் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கியெறியப்பட்டு, ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைக் கவனித்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற நரம்பியல் அறுவை நிபுணர். அந்த மரணம் அவரை விடவில்லை. மோட்டார் சைக்கிள் தலைக்காயங்களை வருடக்கணக்கில் ஆராய்ந்து 1941-இல் கட்டுரை வெளியிட்டார். அந்த வருடமே பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்குக் கட்டாயமானது எப்போது தெரியுமா? 1973 ஜூன் 1. நடுவில் 32 வருடம். சிப்பாயின் தலை அரசாங்கத்துடையது, குடிமகனின் தலை யாருடையது என்ற தயக்கம்தான் அந்த 32 வருடம் என்று நான் நினைக்கிறேன். அந்தத் தயக்கத்தை நான் முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன்.

அமெரிக்காவில் இந்தத் தயக்கம் நீதிமன்றம் ஏறியது. 1966-இல் மத்திய அரசு ஹெல்மெட் சட்டத்தை நெடுஞ்சாலை நிதியோடு முடிச்சுப் போட்டது. 1975-க்குள் 47 மாநிலங்களில் சட்டம் வந்துவிட்டது. 1976-இல் நாடாளுமன்றம் அந்த முடிச்சை அவிழ்த்ததும் மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம் 1969-லேயே சட்டத்தைத் தள்ளுபடி செய்திருந்தது: ஓட்டுபவரை அவரிடமிருந்தே காப்பாற்றுவது அரசின் வேலை இல்லை என்பதுதான் அதன் சாரம். உங்கள் குழுவின் வாதமேதான். சட்டத்தைக் காப்பாற்ற நினைத்த நீதிபதிகள் பட்ட பாட்டைப் படித்தால் சிரிப்பு வரும். எங்கிருந்தோ பறந்து வரும் கல் தலையில் பட்டு, ஓட்டுபவர் நிலைகுலைந்து, எதிரே வருபவர் மேல் மோதலாம், ஆகவே ஹெல்மெட் மற்றவர்களின் பாதுகாப்புக்கே என்று சில தீர்ப்புகள் எழுதின. ‘உன் நன்மைக்காகத்தான்’ என்று நேராகச் சொல்லக் கூச்சப்பட்டு ஒரு கல்லைத் தேடிப் பிடித்தார்கள்.

1972-இல் மாசசூசெட்ஸ் வழக்கொன்றில் நீதிமன்றம் வேறு வழியில் போனது. அடிபட்ட கணத்திலிருந்து சமூகம்தான் அந்த மனிதரைச் சாலையிலிருந்து தூக்குகிறது, பொது மருத்துவமனையில் சேர்க்கிறது, வேலைக்குத் திரும்ப முடியாவிட்டால் அவரையும் குடும்பத்தையும் தாங்குகிறது, ஆகவே இது அவர் ஒருவர் விஷயம் மட்டுமே என்று எப்படிச் சொல்வது என்று கேட்டது. ஹெல்மெட் சட்டத்தை ஆதரிப்பவர்கள் இன்றும் அதிகம் நீட்டுவது இந்தச் செலவு வாதத்தைத்தான். என் சக மருத்துவர்கள் பலருக்கும் இது பிடிக்கும்.

எனக்குப் பிடிக்காது. செலவுதான் அளவுகோல் என்றால் ஹெல்மெட்டோடு ஏன் நிற்க வேண்டும்? மோட்டார் சைக்கிளையே தடை செய்யலாம், அதுதான் பெரிய மிச்சம். மலையேற்றம், புகை, உட்கார்ந்தே இருக்கும் உத்தியோகம் எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்தலாம். அதோடு இந்தக் கணக்கு திடீரென்று எதிர்ப்பக்கமும் சாயும். அமெரிக்க மாநிலங்கள் ஹெல்மெட் சட்டத்தை நீக்கியபோது, வாகன விபத்தில் இறந்த ஆண்களிடமிருந்து கிடைத்த உறுப்புதானம் சுமார் 10 சதவீதம் கூடியது என்று 2011-இல் பொருளாதார ஆய்வாளர்கள் கண்டார்கள். வரவு செலவு மட்டுமே பார்க்கிற அரசு இதைக் கேட்டுத் தலையாட்டவும் செய்யலாம். நோயாளியைச் செலவுக் கணக்காகப் பார்க்கும் வாதத்தை, என் கட்சிக்குச் சாதகமாக இருந்தாலும், நான் கையில் எடுக்க மாட்டேன். இந்த அளவுக்கு உங்கள் பக்கம் நிற்கிறேன்.

இனி நான் உங்களிடமிருந்து பிரிகிற இடம்.

மண்டையோட்டின் உள்தளம் வழவழப்பானது என்றுதான் பொதுவாக நினைப்போம். ஆனால் முன்பக்கம், கண்களுக்கு மேலே, அது மேடும் பள்ளமுமாக, கரடுமுரடாக இருக்கும். தலை சட்டென்று நிற்கும்போது மூளை நிற்பதில்லை. அந்தக் கரட்டின் மேல் வழுக்கிச் சிராய்க்கிறது. அடி பின்னந்தலையில் பட்டாலும் காயம் பல நேரம் முன்னால்தான். அங்கே இருப்பது மூளையின் முன்மடல். இரண்டில் எது நல்லது என்று நிறுத்துப் பார்ப்பது, நாளைக்காக இன்று பொறுத்துக்கொள்வது, நாக்கு நுனிவரை வந்த சொல்லை விழுங்குவது எல்லாம் அதன் வேலை. சுருக்கமாகச் சொன்னால், ‘என் முடிவு’ என்று நீங்கள் சொல்கிறீர்களே, அந்த முடிவு தயாராகும் இடம்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். கணக்கு வழக்கில் கெட்டிக்காரர், குடும்பத்தில் யார் என்ன வாங்கினாலும் அவரைக் கேட்டுத்தான் வாங்குவார்கள். பக்கத்துத் தெருவரைதானே என்று ஹெல்மெட் இல்லாமல் போனார். உடம்பு நன்றாகவே தேறியது. நடப்பார், பேசுவார், கூட்டல் கழித்தலும் வரும். காலையில் அலமாரியைத் திறந்தால் இரண்டு சட்டைகளுக்கு முன்னால் அரை மணி நேரம் நிற்பார். எதை எடுப்பது என்று முடியாது. மனைவி ஒன்றை எடுத்துக் கொடுத்தால் போட்டுக்கொள்வார். வங்கிப் பத்திரங்களில் இப்போது அவர் தம்பிதான் கையெழுத்துப் போடுகிறார். ‘உங்களுக்கு என்ன கஷ்டம்?’ என்று கேட்டால், ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்பார். பொய் சொல்லவில்லை. இழந்ததை உணரும் திறனும் சேர்ந்தே போய்விட்டது. இந்த வகைக் காயத்தில் அது சாதாரணம்.

கால் உடைந்தவர், ‘நானே தேடிக்கொண்டது, நானே அனுபவிக்கிறேன்’ என்று சொல்ல முடியும். அவருடைய முடிவும் அதன் விளைவும் ஒரே ஆளிடம் இருக்கின்றன. சுதந்திரம் என்ற சொல்லுக்கு அங்கே முழு அர்த்தம் உண்டு. மலையேறுபவரும் விழுந்தால் தலையில் அடிபடலாம் என்று நீங்கள் கேட்பீர்கள். உண்மைதான், ஆனால் ஆபத்து அவருடைய மலையேற்றத்தின் ஒரு பகுதி. அதை எடுத்துவிட்டால் ஏறுவதே இல்லாமல் போய்விடும். ஹெல்மெட்டைப் போட்ட பின்பும் உங்கள் பயணம் அப்படியே இருக்கிறது. அதே வண்டி, அதே வேகம், அதே சாலை. பதிலுக்கு நீங்கள் பணயம் வைக்காமல் தப்பிப்பது, உங்களுடைய எல்லா முடிவுகளையும் எடுக்கும் அந்த உறுப்பை.

தனிமனித உரிமைக்காக வாதாடுபவர்கள் எல்லோரும் கடைசியில் போய் நிற்கும் ஆள் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில். பிறருக்குத் தீங்கு நேராதவரை ஒருவரை அவருடைய நன்மைக்காகவே கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1859-இல் எழுதியவர். அவரே ஓர் இடத்தில் விலக்கு வைத்தார்: ஒருவர் தன்னையே அடிமையாக விற்றுக்கொள்ளும் ஒப்பந்தத்தைச் சுதந்திரத்தின் பெயரால் ஏற்க முடியாது என்றார். அந்த ஒரு செயலால் மேற்கொண்டு எந்தச் செயலையும் தேர்ந்தெடுக்கும் உரிமையே போய்விடுகிறது என்பது அவர் சொன்ன காரணம். ஹெல்மெட் இல்லாமல் போவதும் அடிமைச் சாசனமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒருவர் உறுதியாக இழக்கிறார், மற்றவர் இழக்கும் வாய்ப்பை ஏற்கிறார். வித்தியாசம் பெரியதுதான். ஆனாலும் மில் கோடு போட்ட இடம் எனக்கு அந்த அலமாரி முன்னால் நிற்பவரை நினைவூட்டுகிறது.

இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. ஹெல்மெட் போடாமல் போகிறவர்கள் உண்மையிலேயே ஒரு முடிவு எடுத்துத்தான் போகிறார்களா? வியட்நாமில் 2007 டிசம்பர் 15 அன்று எல்லாச் சாலைகளிலும் ஹெல்மெட் கட்டாயமானது. அதற்கு முன்பு போட்டவர்கள் பாதிக்கும் குறைவு. சட்டம் வந்த உடனே 90 சதவீதத்தைத் தாண்டியது. கொள்கைக்காகப் போடாதவர்கள் இவ்வளவு பேர் இருந்திருந்தால் ஒரே வாரத்தில் இப்படி மாறியிருக்க மாட்டார்கள். வியர்க்கும், முடி கலையும், பக்கத்தில்தானே என்று விட்டவர்கள்தான் அதிகம். கொள்கைக்காகப் போடாதவர் எப்படி இருப்பார் என்று பார்க்க வேண்டுமானால் இங்கிலாந்தின் ஃபிரெட் ஹில் இருக்கிறார். 1973 சட்டத்துக்குப் பணிய மறுத்து, அபராதமும் கட்டாமல், திரும்பத் திரும்பச் சிறை போய், 1984-இல் 74 வயதில் சிறையிலேயே இறந்தார். அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஆனால் ஒரு ஹெல்மெட்டுக்காகக் கிழவர் ஒருவரைச் சிறையில் வைத்த அரசு தன் அளவை மறந்துவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். மேற்கு ஜெர்மனியில் 1980-இல் ஹெல்மெட் போடாதவர்களுக்கு அபராதம் வந்தபோது, மோட்டார் சைக்கிள் திருட்டு அடுத்த ஆறு வருடத்தில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. வண்டியைத் திருடலாம், கையில் ஹெல்மெட் இல்லையே! சாலையில் இறங்கியதும் மாட்டிக்கொள்வார்கள். திருட்டுப் பேர்வழிகளின் சுதந்திரத்தில் இதைவிடப் பெரிய தலையீடு எதுவும் நடந்திருக்காது.

சரி, உங்கள் மனு. அதில் எனக்குப் பெரிய சிக்கலாகத் தெரிவது கொள்கை அல்ல, 21 வயது என்ற அந்த வரம்பு. ஃபுளோரிடா 2000-இல் இதைத்தான் செய்தது: 21 வயது தாண்டி, 10,000 டாலர் மருத்துவக் காப்பீடு வைத்திருந்தால் ஹெல்மெட் வேண்டாம். மிச்சிகன் 2012-இல் கொஞ்சம் கூடுதல் நிபந்தனைகளோடு அதே வழியில் போனது. பேப்பரில் நியாயமாக இருக்கிறது. ஆனால் ஓடும் வண்டியில் இருப்பவருக்கு 20 வயதா 22 வயதா என்று எந்தப் போலீஸ்காரருக்குத் தெரியும்? காப்பீடு இருக்கிறதா என்று முகத்தில் எழுதியிருக்கிறதா? எல்லோருக்குமான சட்டத்தைப் பார்வையாலேயே அமல்படுத்தலாம், பாதிச் சட்டத்தை முடியாது. அதனால் இப்படிப்பட்ட மாநிலங்களில், சட்டப்படி இன்னும் கட்டாயம் உள்ள இளைஞர்களும் ஹெல்மெட்டைக் கழற்றிவிடுகிறார்கள். உங்கள் மனைவி கேட்ட கேள்விக்கும் பதில் இங்கேதான். உங்கள் மகன் அந்த மனுவின்படி 21-க்குக் கீழே. அவனுக்குச் சட்டம் அப்படியே இருக்கும் என்று உங்கள் குழு நினைக்கிறது. நடைமுறையில் அவனுக்கும் போய்விடும்.

‘இன்று ஹெல்மெட், நாளை என்ன?’ என்ற பயம் உங்கள் கடிதத்தில் வெளிப்படையாக இல்லாவிட்டாலும் அடியில் ஓடுகிறது. அது நியாயமான பயம். ஆனால் அரசுகள் இந்த வழியில் முன்னால் மட்டுமே போகின்றன என்று இல்லை. அமெரிக்காவில், சியாட்டில் நகரம் அடங்கிய கிங் கவுண்டி என்ற மாவட்டத்தில், மிதிவண்டிக்கு ஹெல்மெட் கட்டாயம் என்ற விதியை 2022-இல் நீக்கினார்கள். வீடில்லாதவர்களையும் கறுப்பின மக்களையும் நிறுத்திப் பிடிக்க அது சாக்காகிப்போனதுதான் காரணம். நானும் அங்கே இருந்திருந்தால் நீக்கத்துக்கு ஆதரவாகவே பேசியிருப்பேன். அதே போல, உண்மையான நம்பிக்கைக்கு வழிவிடவும் சட்டத்துக்குத் தெரியும். தலைப்பாகை அணியும் சீக்கியர்களுக்கு பிரிட்டன் 1976-இல் விலக்கு அளித்தது, இந்தியாவின் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவிலும் அந்த விலக்கு உண்டு. என்னைப் போன்ற டாக்டர்களுக்கு அது உறுத்தும்தான். இருந்தாலும், முடி கலையும் என்பதையும் மத நம்பிக்கையையும் ஒரே தட்டில் வைக்காத சட்டத்தை நான் மதிக்கிறேன்.

ஆகவே என் ஆலோசனை: இந்த மனுவில் கையெழுத்துப் போட வேண்டாம். ஆனால் குழுவை விட்டு விலகவும் வேண்டாம். வேறொரு மனு எழுதச் சொல்லுங்கள். அபராதம் சிறியதாக இருக்கட்டும், அதற்காக யாரும் சிறைக்குப் போகக் கூடாது. ஹெல்மெட்டைச் சாக்காக வைத்து வண்டியை நிறுத்திப் பையைத் துழாவக் கூடாது. போலித் தரமுத்திரை ஒட்டிய ஹெல்மெட்டை விற்பவரையும் பிடிக்கட்டும், வாங்கி ஏமாந்தவரை மட்டும் பிடித்தால் போதாது. இவையெல்லாம் சுதந்திரம் பற்றிய கோரிக்கைகள்தான். அப்படி ஒரு மனு வந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

மகனிடம் இதை மறைக்கத் தேவையில்லை. ‘சட்டம் சரியா என்று எனக்கே சந்தேகம் இருந்தது, ஆனாலும் ஒரு நாளும் கழற்றியதில்லை’ என்று அப்பா சொல்லிக் கேட்பது, 19 வயதுப் பையனுக்கு எந்த அபராதச் சீட்டையும்விட நன்றாகப் புரியும்.

கடைசியாக உங்கள் பி.கு. நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும் அடுக்கு பற்றி மேலே சொன்னேன் அல்லவா? அது ஒரு தடவைக்கான பொருள். நசுங்கினால் பழைய நிலைக்குத் திரும்பாது, வெளியே கீறல்கூடத் தெரியாமல் உள்ளே தட்டையாகிக் கிடக்கும். உங்கள் ஹெல்மெட் தன் வேலையை நீங்கள் விழுந்த அன்றே முடித்துவிட்டது. விழாமலே இருந்திருந்தாலும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதுதான் தயாரிப்பாளர்கள் பலரின் வழக்கம், உங்களுடையதற்கு 11 ஆகிவிட்டது. ஆசையாக இருந்தால் அதைக் கண்ணாடி அலமாரியில் வையுங்கள். மனு காத்திருக்கலாம், புதிய ஹெல்மெட்டை இந்த வாரமே வாங்குங்கள். வாங்கும்போது நாடிப் பட்டையை மாட்டிக்கொண்டு பின்பக்கத்திலிருந்து முன்னால் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் ஓர் அளவு சின்னதைக் கேளுங்கள். மகனையும் கூட அழைத்துப் போங்கள், அவனுடையதையும் அதே மாதிரி தள்ளிப் பார்க்க வேண்டும்.